ஆத்தா சொன்ன ரேம்

மாரியம்மன் கோயிலில் பூ கட்டிக் கேட்டுக் கம்ப்யூட்டருக்குச் சாமான் வாங்கிய குடும்பம் மலாக்காவிலேயே எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வேறு யாராவது இருந்தால் சொல்லட்டும், இரண்டு முழம் மல்லிகை சும்மாவே கொடுக்கிறேன். பூ விற்கிறவள் நான், அதற்கு மேல் என்னால் முடியாது.

என் பெயர் ஜெயமணி. புக்கிட் காத்திலில் தாமான் குடியிருப்பில் வீடு. என் வீட்டுக்காரர் பிச்சைமுத்து இருபத்திரண்டு வருஷம் எஸ்டேட்டுகளில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். மழைக்காலத்தில் செம்மண் சேற்றில் மற்றவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு டிராக்டருக்குக் காத்திருக்கும்போது, இவர் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டே ஏற்றி வந்துவிடுவார். தொண்ணூற்றேழில் சக்கரை வியாதி முற்றி, வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பிரேக் மிதித்த கால்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மேட்டில் ஏறும் லாரிகளின் சத்தத்தைக் கேட்டு, "இவன் ரெண்டுல ஏறணும், மூணுல ஏத்துறான்" என்று முணுமுணுப்பார். அதை விட்டால் பேச்சில்லை. சண்டை போட்டுப் பார்த்தேன், அதற்கும் பதில் இல்லை. சண்டைக்குக்கூட ஆளில்லாத வீட்டில் ஒரு பெண்பிள்ளை எப்படிக் குடித்தனம் நடத்துவது?

எங்கள் மகன் கவிநேசன் ஜொகூரில் படிக்கப் போனபோது, ஹாஸ்டலில் வைக்க இடமில்லை என்று தன் கம்ப்யூட்டரை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தான். நான் அதற்கு ஒரு துணி தைத்துப் போர்த்தி, வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு வைத்து, மற்றபடி அதன் வம்புக்கே போகாமல் இருந்தேன். அடுத்த வருஷம் விடுமுறையில் வந்தவன் பசார் மாலாம் ராச்சந்தையில் ஒரு சிடி வாங்கி வந்து அதில் போட்டான். லாரி ஓட்டும் ஆட்டம்.

"அப்பா, இதுக்குக் கால் வேணாம்பா. நாலே நாலு பட்டன். கை இருந்தாப் போதும்" என்றான்.

முதல் நாள் சும்மா பார்த்தார். இரண்டாம் நாள் ஒரு விரலால் தட்டினார். மூன்றாம் நாள் காலையில் நான் பசியாறக் கூப்பிட்டபோது, "இரு லா, இறக்கத்துல இருக்கேன்" என்று சத்தம் போட்டார். அடுப்படியில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்துக் கத்தி ஒன்றரை வருஷமாகியிருந்தது.

ஆட்டம் இதுதான். மலையுச்சியில் மரம் ஏற்றிய லாரி நிற்கும். அதை வளைவும் இறக்கமுமாய் ஓட்டிக் கீழே துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பாதி வழியில் ஓர் ஆற்றுப்பாலம். பாலம் வரைக்கும் எங்கள் ஆள் ராஜா. வளைவில் எங்கே வேகத்தைக் குறைக்க வேண்டும், எங்கே சும்மா விட வேண்டும் என்று அந்தப் பெட்டிக்கே பாடம் எடுப்பார். திட்டினார், சிரித்தார், ராத்திரிச் சோறு இரண்டாம் தரம் கேட்டார், அதுவும் பழுப்பரிசிச் சோற்றை.

ஆனால் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓடிக்கொண்டிருந்த படம் அப்படியே கல்லாகிவிடும். இரண்டு மூன்று விநாடிதான். மறுபடி உயிர் வரும்போது லாரி ஆற்றுக்குள் கிடக்கும். ஒரு நாளா, இரண்டு நாளா? மூன்று வாரம் இதே கதை. துறைமுகம் எப்படி இருக்கும் என்றே எங்களுக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுப் பாலகிருஷ்ணன், பட்டணத்தில் ஓர் ஆபீசில் கணக்கெழுதும் கிராணி, மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவன், ஒரு சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, பெட்டி ஸ்லோ" என்றான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் இவர். "பெட்டி இல்லடா பாலா. கைதான். வியாதி காலோட நிக்கல, கைக்கும் ஏறிருச்சு போல. மெதுவாயிருச்சு."

அதைச் சொல்லிவிட்டுத் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் கம்ப்யூட்டரின் மேல் நான் தைத்த துணி இருந்தது. நாற்காலி ஜன்னல் பக்கம் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கவிநேசன் போன் செய்தபோது எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் அப்பாவைக் கூப்பிடச் சொன்னான். "அப்பா, உங்க கை இல்ல, அந்தக் கம்ப்யூட்டர்தான் பழசு. ஒரு சாமான் மாத்துனா சரியாயிரும்" என்றான். அதற்கு இவர் சொன்ன வார்த்தை இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"சரி, ஒண்ணே ஒண்ணு மாத்திப் பாப்போம். அதுக்கப்புறமும் ஆத்துல விழுந்தேன்னா கைதான் போச்சுன்னு அர்த்தம். அதோட விட்டுர்றேன்."

ரிங்கிட் மதிப்பு விழுந்து, வெள்ளிக் காசு கையை விட்டுப் பறந்துகொண்டிருந்த தொண்ணூற்றெட்டாம் வருஷம் அது. ஒன்றுக்கு மேல் வாங்கவும் எங்களால் முடியாது. ஆக, வாங்கப் போகும் அந்த ஒன்று சரியானதாக இருக்க வேண்டும். தப்பான சாமானை வாங்கிப் போட்டு, லாரி மறுபடி ஆற்றில் விழுந்தால், இந்த மனுஷன் ஜன்னலை விட்டுத் திரும்பவே மாட்டார். இதை நினைத்து எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. மற்றவர்களுக்கு அது திருவிழாவாகிவிட்டது.

"ப்ராசஸர் மாத்தணும்ணே" என்றான் பாலா. "அதுதான் என்ஜின். என்ஜின் சின்னதா இருந்தா நீங்க மத்தத என்ன மாத்தி என்ன?"

என் வீட்டுக்காரர் தலையாட்டினார். என்ஜின் என்றால் அவருக்குப் புரியும்.

போனில் கவிநேசன், "அப்பா, பாலா அங்கிள் சொல்றதக் கேக்காதீங்க. த்ரீ டி கார்டு போடணும். இப்ப என்ஜினே படமும் வரையுது, லாரியையும் ஓட்டுது. வரையிறதுக்குத் தனியா ஒரு ஆளப் போட்டா, அது நிம்மதியா ஓட்டும்" என்றான்.

அதற்கும் தலையாட்டினார். போனில் தலையாட்டினால் மகனுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதற்கு முறைத்தார்.

அடுத்த ஞாயிறு பாலாவே போனைப் பிடுங்கி, "நீ சின்னப் பையன் லா, நான் வகுப்புக்குப் போனவன்" என்று கத்த, அந்தப் பக்கத்திலிருந்து என் மகன், "நீங்க போனது டைப்பிங் கிளாஸ், அங்கிள்!" என்று கத்த, நடுவில் இவர் இரண்டு பக்கமும் ஞாயம் இருப்பதாய்த் தாடியைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டை இழுக்க இழுக்கப் பாலாவுக்கு என் வீட்டில் தேத்தண்ணியும் காராச்சேவும் தவறாமல் கிடைத்தது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பது சரிதான்.

இதில் நான் எங்கே வருகிறேன் என்றால், கீழே பாயில் வருகிறேன். சாயங்காலம் கோயிலுக்கும் என் பூக்கடைக்கும் வேண்டிய பூவை நான் கூடத்தில்தான் கட்டுவேன். கம்ப்யூட்டர் மேசை மேல் இருந்தாலும் அதன் பெட்டி தரையில், என் காதுக்குப் பக்கத்தில் இருக்கும். அவர் ஓட்டும்போது நான் படத்தைப் பார்ப்பதில்லை. என் கண் நாரில், காது பெட்டியில். மூன்று வாரமும் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாம் நன்றாக ஓடும். திடீரென்று பெட்டிக்குள் யாரோ மண்ணை வறுக்கிற மாதிரி 'கர்ர்ர், கர்ர்ர்' என்று ஒரு சத்தம் எழும்பும். முன்னால் ஒரு சிவப்பு விளக்கு விடாமல் துடிக்கும். அடுத்த நிமிஷம் மேலே இவர், "நின்னுருச்சு, சனியன்!" என்பார். சத்தம் முதலில், நிற்பது பிறகு. ஒரு தடவையும் மாறியதில்லை.

"சாமான் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க" என்று ஒரு நாள் வற்புறுத்தி உட்கார வைத்தேன். பாலாவும் இருந்தான். நான் பாயில் முதுகைத் திருப்பிக்கொண்டு பூக் கட்டினேன். கர்ர் என்றது.

"இப்ப நிக்கும் பாருங்க" என்றேன்.

நின்றது.

"உன் வாய்தான்டி நிறுத்துது!" என்றார் என் வீட்டுக்காரர். பாலா விழுந்து விழுந்து சிரித்தான்.

எனக்கு விட மனசில்லை. பட்டணத்தில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்க்கும் விமலன் என்ற பையன் வெள்ளிக்கிழமையானால் என் கடையில் சாமிப் படத்துக்குப் பூ வாங்குவான். அவனைப் பிடித்துச் சத்தத்தைச் சொன்னேன். வாயாலேயே கர்ர் என்று செய்தும் காட்டினேன், பக்கத்தில் தேங்காய் வாங்கிக்கொண்டிருந்த அம்மா பயந்துபோய்த் தள்ளி நின்றது.

விமலன் கேட்ட ஒரே கேள்வி, "அத்தே, ரேம் எவ்வளவு இருக்கு?"

எனக்கென்ன தெரியும். மகன் எழுதி வைத்த காகிதம் வீட்டில் இருந்தது, போய்ப் பார்த்துவிட்டு மறு வெள்ளிக்கிழமை பதினாறு என்றேன். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அது பத்தாது அத்தே. ரேம்ல இடம் இல்லாட்டி, வேண்டியத ஒவ்வொரு தடவையும் ஹார்டு டிஸ்க்ல போய்ப் போய் எடுத்துட்டு வரும். அந்தச் சத்தம்தான் நீங்க கேக்குறது. எடுத்துட்டு வர்ற வரைக்கும் படம் நிக்கும். பாலத்துக்கிட்ட புதுசா ஆறு, மரம், ஊருன்னு எல்லாம் வருதுல்ல, அதான் அங்க மாட்டிக்குது. இன்னொரு பதினாறு போட்டா ஓடிரும்."

எனக்கு உடனே புரிந்தது. பூக் கட்டும்போது தாம்பாளம் பெரிதாக இருந்தால் எல்லாப் பூவும் கையெட்டில் இருக்கும், கை ஓடிக்கொண்டே இருக்கும். சின்னத் தட்டை வைத்துக்கொண்டால் ஒவ்வொரு தடவையும் எழுந்து ஐஸ்பெட்டிக்குப் போக வேண்டும். கை நிற்கத்தானே செய்யும்? இதற்குக் கையைக் குறை சொல்வார்களா?

வீட்டுக்கு ஓடி வந்து இதை இப்படியே சொன்னேன். பாலா வாயிலிருந்த காராச்சேவு தெறிக்கச் சிரித்தான்.

"அக்கா, இது என்ன பூக் கட்டுற வேலையா?"

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் எனக்காக ஒரு வார்த்தை பேசவும் இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போய்ப் பாத்திரத்தையெல்லாம் போட்டு உருட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அவரே ஒரு வழி சொன்னார். "பாலா ஒண்ணு சொல்றான், மகன் ஒண்ணு சொல்றான். யாரு பேச்சத் தட்டுறது? ஆத்தாகிட்டக் கேட்டுருவோம். பூ கட்டிப் பாப்போம்."

கல்யாணத்துக்குப் பூ கட்டிக் கேட்போம். வீடு வாங்க, கடை வைக்க, வெளியூர் போகக் கேட்போம். இரண்டு நிறப் பூவைத் தனித்தனியாய் வெற்றிலையில் மடித்து, ஆத்தா காலடியில் வைத்து, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். எந்தப் பூ வருகிறதோ அதுதான் உத்தரவு. கம்ப்யூட்டருக்கு யாரும் கேட்டதில்லை.

"சிவப்புன்னா ப்ராசஸர். மஞ்சள்னா கார்டு" என்றார்.

"ரேமுக்கு?" என்றேன் அடுப்படியிலிருந்து.

"அக்காவுக்கும் ஒரு பொட்டலம் குடுத்துருங்கண்ணே, பாவம்" என்றான் பாலா.

"சரி, வெள்ளை" என்றார் இவர். பொட்டலம் கட்டும் வேலை யாருக்கு வரும்? எனக்குத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். முன்னால் சிவப்பு அரளி, மஞ்சள் செவ்வந்தி, வெள்ளை மல்லிகை. மூன்று வெற்றிலை. அரளியைக் கையில் எடுத்தேன். இது வந்தால் ப்ராசஸர் வாங்குவார்கள். பெட்டி கர்ர் என்னும். லாரி ஆற்றில் விழும். இந்த மனுஷன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். செவ்வந்தி வந்தாலும் அதே கதைதான்.

ஆத்தா மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. இருபது வருஷம் அவளுக்கு மாலை கட்டியவள் நான். ஆனால் எங்கள் வீட்டுப் பெட்டி போடும் சத்தம் அவள் காதில் விழுந்திருக்குமா? அவளுக்கு ஆயிரம் வேலை. கேட்டவள் நான். அரளியைக் கீழே வைத்தேன். மூன்று வெற்றிலையிலும் மல்லிகையை வைத்து மடித்து நாரால் கட்டினேன். ஆளுயர மாலை ஒன்று போடுகிறேன் தாயே, கண்டுக்காதே என்று வேண்டிக்கொண்டேன்.

பாலாவின் காரில் போனோம். தட்டை என் வீட்டுக்காரர் மடியில் வைத்துக்கொண்டார். வழியெல்லாம் அதன் மேல் குனிந்தபடியே வந்தார். கோயிலில் பூசாரி, "என்ன காரியமாக் கேக்குறீங்க? மகன் கல்யாணமா?" என்றார்.

"கம்ப்யூட்டர் சாமி" என்றார் இவர். "ஒரு ஆட்டம் நின்னு நின்னு ஓடுது. எந்தச் சாமான மாத்துறதுன்னு தெரியல."

பூசாரி கொஞ்ச நேரம் அம்மனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அவகிட்ட எதையும் கேக்கலாம்" என்று தட்டை வாங்கிக் காலடியில் வைத்துச் சூடம் காட்டினார். விளக்குப் போட வந்த ஒரு குடும்பத்தில் நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. அதைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். அது மூன்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. எதைத் தொட்டால் என்ன, எனக்கு மட்டும் நெஞ்சு அடித்துக்கொண்டது. நடுவில் இருந்ததை எடுத்தது. பூசாரி பிரித்தார்.

"வெள்ளை."

பாலாவின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப செவப்பு எதுல இருந்துச்சு? பாப்போமே" என்று மற்ற இரண்டு பொட்டலத்துக்கும் கையை நீட்டினான்.

என் உயிர் என்னிடத்தில் இல்லை. பாய்ந்து போய் இரண்டையும் பிடுங்கினேன். "எடுக்காத பொட்டலத்தப் பிரிக்கக் கூடாது! வீட்டுக்கு ஆகாது!" என்றேன். அப்படி ஒரு சாத்திரத்தை அந்த நிமிஷம் வரை யாரும் கேள்விப்பட்டதில்லை, நானும்தான். பூசாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். தினம் என்னிடம் மாலை வாங்குகிறவர். "ஆமாமா, பிரிக்கக் கூடாது" என்றார். நான் பின்பக்கம் போய் வேப்பமரத்தடியில் இரண்டையும் போட்டு மண்ணைத் தள்ளிவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விமலன் ரேமுடன் வந்தான். சீப்பு மாதிரி இரண்டு பச்சை அட்டை.

"எதுக்கு ரெண்டு? ஒண்ணுதான சொன்னோம்?" என்றார் இவர்.

"எட்டும் எட்டும் பதினாறு, மாமா. இந்த போர்டுல ஒத்தையாப் போட்டா வேலை செய்யாது. ஜோடியாத்தான் போடணும்."

பெட்டியைத் திறந்து, அழுத்தி, மூடினான். கவிநேசன் போனில் காத்துக்கொண்டிருந்தான். பாலா காராச்சேவை வாயில் போடாமல் கையிலேயே பிடித்திருந்தான். நான் என் பாயில் உட்கார்ந்தேன், ஆனால் பூவைத் தொடவில்லை. காதைப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

லாரி கிளம்பியது. முதல் வளைவு, இரண்டாம் வளைவு, நீள இறக்கம். பாலம் தெரிந்தது. பெட்டி ஒரு தடவை 'டிக்' என்றது. அவ்வளவுதான், பெட்டி அடங்கிவிட்டது. கர்ர் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது லாரி பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. கீழே ஆறு ஓடியது. ஆற்றுக்குள் விழாமல் ஆற்றைப் பார்ப்பது எங்களுக்கு அதுதான் முதல் தடவை.

"தாண்டிட்டீங்கண்ணே!" என்று பாலா கத்தினான்.

"சும்மா இரு லா, இன்னும் இருக்கு" என்றார் இவர். குரலில் பழைய லாரிக்காரன் இருந்தான்.

பாலத்துக்கு அப்பால் நாங்கள் யாரும் பார்த்திராத ஊர் வந்தது. வயல், ஒரு கடைத்தெரு, அப்புறம் ஒரு கொடிய வளைவு. அதில் லாரியின் பின்பக்கம் வழுக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எஸ்டேட்டுச் சேற்றில் செய்கிற மாதிரி இவர் திருப்பாமல், பதறாமல், மெல்ல விட்டுப் பிடித்தார். நிமிர்ந்தது. பிறகு கடல். உம்பாய் கடற்கரையில் சுட்ட மீன் சாப்பிடப் போகும்போது தெரிகிற மாதிரி, நீளமாய், நீலமாய். லாரி கிரேனுக்குக் கீழே போய் நின்றது.

கவிநேசன் போனில், "என்னாச்சு? என்னாச்சு?" என்று கத்திக்கொண்டிருந்தான். இவர் தன் இரண்டு கையையும் மேசை மேல் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். நான் அழுதேன், சொல்ல என்ன வெட்கம்.

"ஆத்தா சொன்னா தப்புமா?" என்று பாலா கன்னத்தில் போட்டுக்கொண்டான். போனை எடுத்து என் மகனுக்கும் அதையே சொன்னான். தன் ப்ராசஸரைப் பற்றி மூச்சு விடவில்லை. விமலனையும் இழுத்துக்கொண்டு, ரொட்டிச் சானாய் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பிப் போனான்.

வீடு அமைதியானதும் எனக்கு நெஞ்சு குறுகுறுத்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்று தெரியும். இருந்தாலும் அவர் இவ்வளவு சந்தோஷமாய் இருக்கும்போது மனசில் வைத்துக்கொள்ள முடியவில்லை.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பொட்டலம்..."

"மூணுலயும் மல்லிகை" என்றார்.

"யாரு சொன்னா?" என்றேன்.

"தட்டு என் மடியிலதான இருந்துச்சு. கார் கண்ணாடி வேற மூடியிருந்துச்சு. மூணையும் மோந்து பாத்தேன். இருபத்தஞ்சு வருஷமாப் பூக்காரிகூடக் குடும்பம் நடத்துறேன், செவ்வந்தி வாசம் எது, மல்லிகை வாசம் எதுன்னு தெரியாதா எனக்கு?"

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா பேசாம உக்காந்திருந்தீங்க? நான் ரெண்டு நாளா ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுத் தூங்காமக் கெடக்குறேன்!" கையில் கிடைத்த வாழை நாரை அவர் மேல் வீசினேன்.

"பின்ன என்ன பண்ணச் சொல்ற? பொண்டாட்டி சொன்னான்னு ரேம் வாங்கினா, பாலா தாமான் பூரா போய்ச் சொல்லிச் சிரிப்பான். ஆத்தா சொன்னான்னா எவன் சிரிப்பான்?" நாரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "நீ திரும்பிப் பாக்காமலே 'இப்ப நிக்கும்'னு சொன்ன பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இருபத்திரண்டு வருஷத்துல எத்தன கெலிண்டன் ஒத்தாசைக்குன்னு என் பக்கத்துல உக்காந்து வந்திருப்பான். சத்தத்த வெச்சே சொல்ற ஒருத்தன் வாய்க்கல லா."

"நான் உங்க லாரிக்குக் கெலிண்டனா?"

"இல்ல" என்றார். நாற்காலியைப் பிடித்து எழுந்து, கக்கத்துக் கட்டையை ஊன்றி, பக்கத்து முக்காலியில் மாறி உட்கார்ந்தார். "வா, நீ ஓட்டு."

வேண்டாம் என்றேன். என்னால் முடியாது, எனக்குத் தெரியாது, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்றேன். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். மலையுச்சியில் மரம் ஏற்றிய லாரி நின்றது. ஒரு பட்டனை அழுத்தினேன், அது பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. முதல் வளைவிலேயே வேலியை உடைத்தேன். இறக்கத்தில் எதிரே வந்த பஸ்சை இடித்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, சிரிக்கச் சிரிக்க லாரி இன்னும் வேகமாகப் போயிற்று.

"ஏய், மெல்ல! வளைவு வருது! பிரேக்கு! பிரேக்கு!" என்று அவர் அலறினார். மேசைக்கடியில் ஏதோ டக் டக்கென்று இடித்தது. குனிந்து பார்த்தேன். பாதமில்லாத அந்த வலது காலால் மேசைப் பலகையை ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தார்.

நான் பார்ப்பதை அவரும் பார்த்துவிட்டார். அதற்குள் லாரி பாலத்துக்கு ரொம்ப முன்னாலேயே மலையிலிருந்து குதித்துவிட்டது. நாங்கள் சிரித்த சிரிப்பில், ரொட்டிப் பொட்டலத்தோடு திரும்பி வந்த பாலா, என்னமோ ஏதோ என்று செருப்பைக் கழற்றாமலே உள்ளே ஓடி வந்தான்.